தங்கபுஷ்பத்தைப் பார்க்க வந்த தீவு

பூவரசந்தீவு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது ஒரு வியாழக்கிழமை காலையில், அம்மா இரண்டாவது ஈடு இட்லியை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில். கடலுக்கும் எங்கள் வெள்ளாகுளத்துக்கும் நடுவில் அறுபது கிலோமீட்டர் கரிசல் காடும் இரண்டு ரயில்வே கேட்டும் ஒரு டோல்கேட்டும் கிடக்கின்றன. அவ்வளவையும் தாண்டி, வழியில் ஒருவருக்கும் தொந்தரவு கொடுக்காமல், ஒரு வேலி முள்ளைக்கூடச் சாய்க்காமல் வந்து, மூன்று வருஷமாக மழை காணாமல் வெடித்துக் கிடந்த எங்கள் கண்மாய்க்குள் இறங்கி அது பாட்டுக்கு உட்கார்ந்துகொண்டது. கேட்காரர் அது கடந்து முடிகிறவரைக்கும் கேட்டைத் திறந்தே வைத்திருந்தார் என்றும், டோல்கேட்டில் இது எந்த வகை வண்டி என்று தெரியாமல் சும்மா அனுப்பிவிட்டார்கள் என்றும் பிற்பாடு பஸ் கண்டக்டர்கள் சொன்னார்கள்.

ஏழு பூவரச மரம், ஒரு தாழம்புதர், கூரை போன ஒரு செங்கல் அறை, எண்ண முடியாத நண்டு, இவ்வளவும் அப்படியே இருந்தன. சுற்றிலும் ஒரு தெரு அகலத்துக்குத் தன் கடலையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. அந்தக் கடலில் ஒழுங்காக அலையடித்தது, முழங்கால் ஆழத்தில் மீன் ஓடியது, எங்கள் மெஸ்ஸின் பின்வாசல் படிவரைக்கும் காலையில் ஒருமுறை மாலையில் ஒருமுறை ஏறி இறங்கியது.

எங்கள் ஊரில் புதிதாக யார் வந்து இறங்கினாலும் முதலில் கேட்கிற கேள்வி, யார் வீட்டுக்கு என்பதுதான். கண்மாய்க்கரையில் கூட்டம் கூடி அதைத்தான் கேட்டது. டீக்கடை பேச்சித்தாய் மதினிதான் மரத்தை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இது தங்கபுஷ்பம் வருசா வருசம் போயிட்டு வார தீவுல்லா. அவளப் பாக்கத்தான் வந்திருக்கும். போய்ச் சொல்லுங்க, மனுசி அடுப்படியில நிப்பா."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் கொண்டுவந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தக் கடலை நடந்து கடந்து, முன்னால் நின்ற பூவரச மரத்தின் தூரில் ஊற்றினாள். "வா வா. வழியில ஒண்ணும் சிரமமில்லையே" என்று கேட்டாள். வெயிலில் அவ்வளவு தூரம் வந்திருந்ததால் மண் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் அம்மாவின் வாய்தான். அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மா தங்கபுஷ்பம் பஞ்சு மில் வாசலில் புஷ்பம் மெஸ் நடத்துகிறவள். பேர் அவளுடையது, வேலையும் அவளுடையது, கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர்களோடு அரசியல் பேசுகிற பொறுப்பு மட்டும் என் அப்பா அய்யாத்துரையுடையது. மில்லுக்கு மே மாதம் மூன்று நாள் விடுமுறை உண்டு. அந்த மூன்று நாளும் அப்பா, அம்மா, அண்ணன் கதிரேசன், கடைக்குட்டிப் பெண்ணான நான், நான்கு பேரும் பூவரசந்தீவுக்குப் போவோம். வேறெங்கேயும் போனதில்லை, போக ஆசைப்பட்டதும் இல்லை. பஸ் பிடித்து, கடற்கரையில் இறங்கி, படகுக்கார ரெமிஜியுஸ் மாமாவின் வள்ளத்தில் ஏறி, பாயும் சட்டியும் அரிசியுமாகப் போய் இறங்குவோம்.

முதல் வருஷம் போனபோது அம்மா வழக்கம்போல மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டியிருக்கிறாள். காற்று அணைத்துவிட்டது. மறுபடி மூட்டினாள், மறுபடி அணைத்தது. ஆறு தடவை பார்த்துவிட்டு, "இந்த எடம் என்னயச் சமைக்க வேண்டாங்குது" என்று சொல்லி, தீப்பெட்டியை அப்பாவின் மடியில் போட்டுவிட்டு மரத்தடியில் போய்ப் படுத்துவிட்டாள். அப்பா மூட்டியபோது அடுப்பு ஒரே குச்சியில் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அந்தத் தீவுக்கு அதுதான் சட்டம். அங்கே அம்மா அடுப்பைத் தொட மாட்டாள். அப்பாவும் அண்ணனும் மீனைக் கருக்கிச் சோற்றைக் குழைத்துக் கொண்டுவந்து வைப்பார்கள், அம்மா படுத்த இடத்தில் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டு மறுபடி படுத்துக்கொள்வாள். வருஷத்தில் முந்நூற்று அறுபத்திரண்டு நாள் ஊருக்குச் சோறு போடுகிறவளுக்கு மூன்று நாள் மற்றவர்கள் போட்டார்கள்.

கிளம்புகிற அன்று அம்மா படுத்திருந்த மரத்தடித் திட்டைப் பெருக்கி, ஒரு கோலமும் போட்டு, வள்ளத்தில் ஏறி நின்றுகொண்டு, யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் சொல்கிற அதே வார்த்தையைத் தீவிடமும் சொல்லுவாள்.

"நாங்க போயிட்டு வாரோம். நீயும் ஒரு எட்டு நம்ம ஊருப் பக்கம் வந்துட்டுப் போ."

எல்லாரும் சொல்கிற பேச்சுதான். சொல்லாமல் கிளம்பினால் மரியாதையில்லை, சொன்னதற்காக யாரும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து நிற்பதுமில்லை. பதினெட்டு வருஷம் அப்படிச் சொன்னாள். தீவு அதையெல்லாம் காதில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது.

அந்த வருஷம் போனபோது தீவைச் சுற்றிக் கடலுக்குள்ளேயே கம்பிவேலி போட்டிருந்தது. ஒரு மஞ்சள் பலகை நின்றது: தனியார் இடம், அத்துமீறி நுழையக் கூடாது. ஒரு கம்பெனி தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகைக்கு எடுத்து உல்லாச விடுதி போடப்போகிறது என்றும், விரிக்க வேண்டிய கூடாரங்கள்கூடக் கரையில் வந்து இறங்கிவிட்டன என்றும், காவலுக்கு நின்ற இரண்டு பேர் படகிலிருந்தே சொன்னார்கள். அப்பா, "நாங்க பழைய ஆளுக தம்பி" என்று ஆரம்பித்தார். அவர்கள் கேட்கவில்லை. ரெமிஜியுஸ் மாமா வள்ளத்தைத் திருப்பினார்.

அம்மா திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவும் இல்லை. அம்மா அழுது நான் பார்த்தது அன்றுதான். வெங்காயம் உரிக்கும்போதுகூட அவளுக்குக் கண் கலங்காது. பாதித் தூரம் வந்தபின் எழுந்து நின்று, தீவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"எங்கள விட மாட்டேங்கானுக. நீயாவது வந்துட்டுப் போ. வந்து மூணு நாள் இருந்துட்டுப் போ."

"யக்கா, உக்காருங்க, வள்ளம் ஆடுது" என்றார் ரெமிஜியுஸ் மாமா. இது திங்கட்கிழமை. வியாழக்கிழமை அது வந்துவிட்டது.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று வெளியூர்க்காரர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். விருந்தாளியை எப்படி எடுத்துக்கொள்வார்களோ அப்படித்தான் எடுத்துக்கொண்டது. மதியத்துக்குள் வீட்டுக்கு ஒரு தட்டு வந்தது, முறுக்கு ஒரு வீடு, சீனி மிட்டாய் ஒரு வீடு, வெற்றிலை பாக்கு ஒரு வீடு, எல்லாம் செங்கல் அறைக்குள் போய்ச் சேர, நண்டுகள் மரியாதையாக ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டன. பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து தீவு என்பது நான்கு பக்கமும் நீரால் சூழப்பட்டது என்பதைக் காட்டிவிட்டுப் போனார். கண்மாயை ஒட்டிப் பருத்தி போட்டிருந்த இரண்டு சம்சாரிகள் மட்டும், உப்பு ஏறிவிடும், விருந்தாளி ஒரு வாரத்துக்கு மேல் இருக்கப் போகிறதா என்று அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். அதையும் நேராகக் கேட்கவில்லை, வந்தவர்களிடம் எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. மினி பஸ் கண்டக்டர் மறுநாளே தீவு ஸ்டாப் என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்.

பார்க்க வந்த கூட்டம் அவ்வளவுக்கும் பசித்தது. அங்கேதான் வினை. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மெஸ்ஸில் பந்திக்கு மேல் பந்தி விழுந்தது. அப்பா கல்லாவை விட்டு எழுந்திருக்கக்கூட நேரமில்லாமல் பூரித்துப் போய், பந்தலை நீட்டலாம், பெஞ்சு இன்னும் நான்கு போடலாம் என்று திட்டம் போட்டார். அம்மா இட்லி அவித்தாள், சோறு வடித்தாள், குழம்பு கூட்டினாள், ஜன்னல் வழியாகப் பூவரச நிழலைப் பார்த்தாள். தீவு வந்து நான்கு நாளாகியும் அவள் அதில் ஒரு நிமிஷம் படுக்கவில்லை. பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"ஏம்மா, வந்தது உன்னயப் பாக்கத்தான. நீ போயி இருக்க வேண்டாமா?"

"வந்த ஆளுகளுக்குச் சோறு போட வேண்டாமாட்டி?" என்றாள். சொல்லிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி மேனேஜர் வந்தார். சுதர்சன் என்று பெயர், நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, கையில் வரைபடம். வந்த உடனே எங்கள் மெஸ்ஸில் இரண்டு தோசையும் ஒரு வடையும் சாப்பிட்டார், நன்றாயிருக்கிறது என்றும் சொன்னார், அதை மறைக்கக் கூடாது. பிறகு கண்மாய்க்கரையில் நின்று, இந்தத் தீவு சர்வே எண்படி கடலுக்குள் இருக்க வேண்டியது, அடுத்த ஞாயிறு திறப்பு விழா, பத்திரிகை அடித்துக் கொடுத்தாயிற்று, என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விளக்கினார். திங்கட்கிழமை நான்கு லாரி வந்தது. பூவரச மரங்களில் இரும்புக் கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். ஊர் கூடி வேடிக்கை பார்த்தது. லாரிகள்தான் ஒவ்வொன்றாகக் கடலுக்குள் இறங்கிச் சக்கரம் புதைந்து நின்றன, தீவு இருந்த இடத்தில் இருந்தது. கடைசியில் பேச்சித்தாய் மதினிக்கே பாவமாகிவிட்டது.

"எதுக்குய்யா கெடந்து சங்கடப்படுதீக. அது அவ கூப்பிட்டு வந்தது. அவ போன்னு சொன்னாத்தான் போகும்."

மதினிக்கு மனசில் கல்மிஷம் கிடையாது, வாயில் பூட்டும் கிடையாது. செவ்வாய்க்கிழமை சுதர்சன் தாலுகா ஆபீஸிலிருந்து வருவாய் ஆய்வாளர் கோமதிநாயகத்தைக் கூட்டிக்கொண்டு மெஸ்ஸுக்கு வந்தார். கோமதிநாயகம் சார் எங்கள் மெஸ்ஸில் பத்து வருஷமாகச் சாப்பிடுகிறவர். அன்றைக்கு மட்டும் எங்களைத் தெரியாதவர் மாதிரி நின்றுகொண்டு பேசினார்.

"இந்தாம்மா. ஒரு வார்த்தை. போன்னு சொல்லிரு. இல்லன்னா நாளைக்கு மெஸ்ஸப் பூட்டி சீல் வைக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கு."

"வந்தவுகளப் போன்னு எப்படி சார் சொல்ல?"

"அது வீடு தேடி வந்த மனுசனாம்மா? அது தீவு."

"வீடு தேடித்தான சார் வந்திருக்கு" என்றாள் அம்மா.

அப்பா அன்று முழுக்க அவள் பின்னாலேயே நடந்தார். "ஏ புஷ்பம், மெஸ் போனா நாம என்னத்தத் திங்க? ஒரு வார்த்தைதான. மனசுக்குள்ள வச்சுக்கிட்டு மேலுக்குச் சொல்லேன். அதுக்குத் தெரியவா போகுது?"

"பதினெட்டு வருசமா மேலுக்குச் சொன்னத நெசம்னு எடுத்துக்கிட்டு வந்திருக்கு. இதையும் நெசம்னுதான் எடுத்துக்கிடும். போன்னு சொல்லிட்டு, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அங்க போயிப் படுக்க?" அம்மா மாவரைத்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு இருக்கிறது அந்த மூணு நாளு. அதையும் வாரிக் குடுக்கச் சொல்லுதீங்களா?"

அப்பா வாழை இலைக்கட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு அவர்மேல் கோபம்தான், ஆனாலும் அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இலை நறுக்கியதைப் பார்த்தபோது கொஞ்சம் இரக்கமாகவும் இருந்தது.

புதன்கிழமை பதினோரு மணிக்குக் கோமதிநாயகம் சார் அரக்கும் மெழுகுவர்த்தியும் நூலும் ஒரு ஜீப்புமாக வந்தார். ஊர் கூடி நின்றது. அம்மா அழுவாள், காலில் விழுவாள், குறைந்தபட்சம் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று சிலர் எதிர்பார்த்து முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள். அம்மா அடுப்பை அணைத்தாள். பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாள். முகம் கழுவித் தலை சீவிக்கொண்டு, ஒரு கையில் பாயும் ஒரு கையில் தலையணையுமாக வெளியே வந்து, சாவியை அவரே எதிர்பாராதபடி அவர் கையில் வைத்தாள்.

"நல்லா வைங்க சார். இறுக்கமா வைங்க. லீவு வேணும்னு நானே எவர்ட்டயும் கேக்கத் தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு கடலைக் கடந்து, மூன்றாவது பூவரச மரத்தடியில், ஒவ்வொரு வருஷமும் படுக்கிற அதே இடத்தில் பாயை விரித்துப் படுத்துவிட்டாள். நானும் என் பாயோடு பின்னால் போனேன். கரையிலிருந்து பேச்சித்தாய் மதினி சத்தம் கொடுத்தாள்.

"ஏ புஷ்பம், அங்க என்ன சட்டம்?"

"இங்க வந்தா பொம்பள அடுப்பத் தொடக் கூடாது மதினி. அவ்வளவுதான்."

மதினி டீக்கடைப் பாய்லரை அணைத்துவிட்டு வந்தாள். அவளைப் பார்த்துப் பூக்கடைக்காரி வந்தாள், அவளைப் பார்த்து மில்லில் முதல் ஷிப்ட் முடித்த பெண்கள் வந்தார்கள், சத்துணவு ஆயா வந்தாள், நர்சம்மா வந்தாள், புதிதாகக் கல்யாணமாகி வந்து இன்னும் ஊரில் யாரோடும் பேசாத ஒரு பெண் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள், சாயங்காலத்துக்குள் வெள்ளாகுளத்தில் அடுப்பு எரிகிற வீடு ஒன்றுகூட இல்லை. வந்தவர்கள் கோஷம் போடவில்லை, கொடி பிடிக்கவில்லை, தூங்கினார்கள். பட்டப்பகலில் தூங்கினார்கள். கைப்பிள்ளைகளைக் கரையிலிருந்த அப்பன்மார் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கினார்கள், பிள்ளை பெற்ற வருஷங்களில் விட்டுப்போன தூக்கத்தைத் தூங்கினார்கள், மாமியாருக்கு முன்னால் எழுந்த காலைகளின் தூக்கத்தைத் தூங்கினார்கள், திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று தொலைத்த தூக்கத்தையெல்லாம் ஒன்று விடாமல் தேடி எடுத்துத் தூங்கினார்கள், கடல் அவர்களைச் சுற்றி மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது. நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். தூங்கும்போது அம்மாவுக்கு வாய் கொஞ்சம் திறந்திருக்கும். வருஷத்தில் மூன்று நாள் மட்டும் நான் பார்க்கிற முகம் அது, இந்த வருஷம் பார்க்க முடியாமல் போயிருக்கும்.

ஆண்கள் கண்மாய்க்கரையில் நின்று பார்த்தார்கள். முதல் நாள் சிரித்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டு நேரம் தாண்டியதும் சிரிப்பு நின்றது. அப்பாதான், பதினெட்டு வருஷ அனுபவஸ்தர் என்ற முறையில், பள்ளிக்கூடத்து அண்டாவை வாங்கிக் கண்மாய்க்கரையில் அடுப்பு மூட்டினார். அவர் வாழ்க்கையில் நான்கு பேர் அவர் சொன்னதைக் கேட்டது அன்றுதான். மறுநாள் மதியம் வாளியையும் தூக்குச்சட்டியையும் தலையில் வைத்துக்கொண்டு ஆண்கள் வரிசையாகக் கடலில் இறங்கி வந்து பரிமாறினார்கள். அம்மா ஒரு வாய் வைத்துப் பார்த்தாள்.

"உப்புக் கூட."

"கடல்ல நடந்து வந்தோம்லா, தெறிச்சிருக்கும்" என்றார் அப்பா, முகத்தைத் துளிகூட மாற்றாமல்.

பூட்டிய மெஸ்ஸுக்குள் என்ன இருந்தது என்பதைச் சீல் வைத்தவர் யோசிக்கவில்லை. இட்லிக் கடையைப் பூட்டுகிறவன் முதலில் மாவைப் பார்க்க வேண்டாமா? அடுத்த நாளுக்காக அம்மா அரைத்து வைத்த மாவு இரண்டு அண்டா நிறைய உள்ளே இருந்தது, மாதம் மே மாதம். வியாழக்கிழமை அது மூடியைத் தூக்கியது. அன்று மாலையே ஷட்டருக்கு அடியில் வெள்ளையாக எட்டிப் பார்த்தது. வெள்ளிக்கிழமை காலையில் நுரைத்துப் பொங்கி வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, காவலுக்கு நின்ற ஜீப்பின் நான்கு சக்கரத்தையும் வளைத்துக்கொண்டு, புளித்த வாடையும் ஊர் ஈயுமாகத் தெருவையே அடைத்துவிட்டது. கோமதிநாயகம் சார் கண்மாய்க்கரைக்கு ஓடிவந்தார்.

"தங்கபுஷ்பம், வந்து கொஞ்சம் என்னன்னு பாரும்மா."

"சீல் வச்ச எடத்துக்குள்ள நான் எப்படி சார் வர முடியும்? சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றாள் அம்மா, படுத்தபடி.

அவர் வைத்த சீலை அவரே உடைத்தார். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, வாளியும் விளக்குமாறுமாக அவரும் ஜீப் டிரைவருமாகக் கழுவினார்கள். மாவு காய்ந்தால் சுரண்டத்தான் வேண்டும், தண்ணீருக்கு வராது. அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. எங்கள் அண்ணன் கதிரேசன்தான் தோசைக் கரண்டியைக் கொடுத்து உதவினான்.

அன்று மதியம் சுதர்சன் கடைசித் தடவையாக வந்தார். வெள்ளைப் பேண்ட் முழங்கால்வரை நனைய எங்கள் கடலின் நடுவில் நின்றுகொண்டு, இந்தத் தடவை மிரட்டாமல் பேசினார்.

"அம்மா, நான் கம்பெனில பேசிட்டேன். வருஷா வருஷம் நீங்க குடும்பத்தோட வந்து மூணு நாள் தங்கிக்கலாம். ஆயுசுக்கும் இலவசம். எழுதியே தர்றோம். நீங்க போன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லிருங்க."

தீவில் எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். கரையில் அப்பாவின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. எனக்கும், பொய் சொல்வானேன், ஆசை வந்தது. அம்மா தலைமுடியை முடிந்துகொண்டு யோசித்தாள்.

"அங்க சாப்பாடு?"

"பெரிய ரெஸ்டாரண்ட் இருக்கும்மா. நீங்க கைய நனைக்கவே வேண்டாம்."

"சமைக்கிறது யாரு?"

"அதுக்கெல்லாம் ஆள் எடுத்தாச்சு. கடற்கரை ஊர்லேருந்து நல்லா சமைக்கிற அம்மாமார் எட்டுப் பேர். அங்கேயே தங்கி, வருஷம் பூரா."

"வருஷம் பூரா" என்று அம்மா திருப்பிச் சொன்னாள். பிறகு அவரைப் பாவமாகப் பார்த்தாள். "தம்பி, பொம்பளையச் சமைக்க விடாத தீவு இது. அந்தத் தீவுல எட்டுப் பேர அடுப்புல நிறுத்தி வச்சுட்டு, நான் போயி மரத்தடியில படுத்தா எனக்குத் தூக்கம் வருமா? நான் போன்னு சொல்ல மாட்டேன். இன்னைக்கும் சொல்ல மாட்டேன், நாளைக்கும் சொல்ல மாட்டேன். அதுக்குப் போகணும்னு தோணுனா அதுவா போகும். தெரு முக்குல மாவு வழுக்கும், பாத்துப் போங்க."

சனிக்கிழமை காலையில் அதற்குத் தோன்றிவிட்டது. கிளம்புகிற விருந்தாளியிடம் ஒரு அசைவு தெரியுமே, அது தெரிந்தது. ஊருக்குள் சுற்றிக்கொண்டிருந்த நண்டுகளெல்லாம் தீவுக்குத் திரும்பி ஏறின, அலைகள் தீவைப் பார்த்து அடிக்காமல் வெளியே பார்த்து அடித்தன. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. எல்லாருமாக எழுந்து பாயைச் சுருட்டித் திட்டைப் பெருக்கினார்கள், நாற்பது கோலம் விழுந்தது. மரத்தடியில் மஞ்சளும் வெற்றிலை பாக்கும் வைத்தாள் அம்மா. வெறுங்கையோடு எப்படி அனுப்புவது என்று மெஸ்ஸுக்குப் பின்னால் நின்ற முருங்கையிலிருந்து ஒரு போத்தை வெட்டிவந்து, செங்கல் அறைக்குப் பக்கத்தில் ஊன்றித் தண்ணீர் விட்டாள். கரையேறி நின்றுகொண்டு, "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்ல" என்றாள்.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு. அது நெசம்னு நம்பிரும்" என்று அப்பா காதைக் கடித்தார்.

"நெசமாத்தான் சொல்லுதேன்" என்றாள் அம்மா.

விருந்தாளியை பஸ் ஸ்டாப்வரைக்கும் போய் வழியனுப்புவது எங்கள் வழக்கம். ஊரே தார்ரோடுவரைக்கும் கூட நடந்தது. தீவு தன் கடலைச் சுருட்டிக்கொண்டு கிழக்கே திரும்பி, பருத்திக் காட்டுக்கு மேலே ஏழு மரமும் தெரியத் தெரியப் போய் மறைந்தது. கண்மாயில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அது கரைய ஐப்பசி மழை வரவேண்டியிருந்தது, அதுவரை அந்த இரண்டு சம்சாரிகளும் எங்களோடு பேசவில்லை.

மெஸ்ஸைத் திரும்பத் திறக்க அனுமதி கொடுக்க நான்கு மாதம் இழுத்தடித்தார்கள். நான்கு மாதமும் அம்மா கண்மாய்க்கரையில் இலை போட்டுப் பரிமாறினாள். கோமதிநாயகம் சார் பத்து நாள் வெட்கப்பட்டுவிட்டு, பதினோராம் நாள் வந்து பந்தியில் உட்கார்ந்தார். அம்மா அவருக்கும் போட்டாள், இட்லி மட்டும் இல்லை என்றுவிட்டாள்.

திறப்பு விழாவைப் பற்றி ரெமிஜியுஸ் மாமா சொல்லித்தான் தெரியும். அடுத்த மே மாதம் நாங்கள் போனபோது வள்ளத்தைத் தள்ளிக்கொண்டே சொன்னார்.

"யக்கா, அது பழைய எடத்துல இல்ல கேட்டீங்களா. வந்துச்சு, வந்து அந்தக் கம்பிக்குள்ள இறங்காம, கூப்பிடு தூரம் தள்ளி உக்காந்துக்கிடுச்சு. அங்க சர்வே நம்பரும் கெடையாது, குத்தகையும் கெடையாது. அளக்க ஆள் வந்தா இன்னும் ரெண்டு பாகம் தூரம் நகந்து உக்காருது. அன்னைக்கு விழாவுக்கு வந்தவுக எல்லாம் போட்டுல நின்னுக்கிட்டு தண்ணிக்கு ரிப்பன் வெட்டிட்டுப் போனாக."

அவர் சொன்னது போலவே, வெறும் கடலின் நடுவில் கம்பிவேலி சதுரமாக நின்றது. உள்ளே தண்ணீர், வெளியே தண்ணீர். மஞ்சள் பலகை சாய்ந்திருந்தது. குத்தகைக்கு இன்னும் தொண்ணூற்றெட்டு வருஷம் பாக்கியிருந்ததால் இரண்டு காவலாளிகளும் படகில் உட்கார்ந்து அதைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். அப்பால் ஏழு பூவரச மரம் தெரிந்தது, அதோடு எட்டாவதாக, கடல் காற்றில் ஆடிக்கொண்டு, காய்த்துத் தொங்கிய ஒரு முருங்கை.

அந்த வருஷம் எங்களோடு நான்கு வள்ளம் நிறையப் பெண்கள் வந்தார்கள். பேச்சித்தாய் மதினி வந்தாள், அந்தப் புதுப்பெண் வந்தாள், கம்பெனி வேலைக்கு எடுத்து வேலை இல்லாமல் போன எட்டுப் பேரும் ரெமிஜியுஸ் மாமாவின் ஊரிலிருந்து வந்தார்கள். அப்பாவும் அண்ணனும் இன்னும் ஆறு பேருமாக முருங்கைக்காய் போட்டு ஒரு குழம்பு வைத்தார்கள். சாப்பிட முடியவில்லை, சாப்பிட்டோம். மூன்று நாளும் அம்மா வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

கிளம்புகிறபோது வள்ளத்தில் எழுந்து நின்றாள். வேலிக்குக் காவலிருந்த இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று அம்மா குரலை நன்றாக உயர்த்திச் சொன்னாள்.

"நாங்க போயிட்டு வாரோம். நீயும் ஒரு எட்டு வந்துட்டுப் போ. ஒருத்தரயும் கேக்க வேண்டாம்."